கை படாமல் கால் வைக்காதே

கயிற்றை விடக்கூடாது. விட்டால் ரெஃப்ரி பாபு அண்ணன் டேக்கை, அதாவது கூட்டாளி என் கையைத் தொட்டு ஆள் மாறுவதை, ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவே கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவனே நான்தான். ரிங்குக்கு வெளியே, ஒரு சாண் அகலப் பலகை விளிம்பில் நின்றுகொண்டு, மூலைக் கம்பத்தில் கட்டிய ஒரு முழ வெள்ளைக் கயிற்றை இடது கையில் பிடித்தபடி, வலது கையை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில் சில்லறை கேட்கிறவன் மாதிரி. உள்ளே மோசஸ் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான். வாங்கட்டும், அதுதான் மேட்ச். அவன் அடி வாங்குவான், தவழ்ந்து வருவான், என் கையைத் தொடுவான், தொட்டதும் நான் உள்ளே பாய்ந்து எதிரில் இருக்கிற இரண்டு பேரையும் துவைத்துக் காயப்போடுவேன், கூட்டம் எழுந்து நிற்கும், ஜெயித்த பெல்ட் எங்களிடமே இருக்கும். மழைக்காலம் முழுக்க இதைத்தான் பழகினோம். எங்கே விழ வேண்டும், எப்போது எழ வேண்டும், எந்த முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்ட வேண்டும், எல்லாம் பேசியாகிவிட்டது. வலது முட்டி. வலது முட்டி என்றுதானே பேசினோம். பிறகு ஏன் இவன் இடது கையைத் தூக்க மாட்டேன் என்கிறான்? எதிராளி அஜ்மல் அவன் கழுத்தைக் கட்டி இறுக்குகிறான், அது பேசிய பிடி, கழுத்துக்கும் முழங்கைக்கும் நடுவே விரல் போகிற அளவு இடம் விடுவான், நல்ல பையன், நான் சொல்லிக்கொடுத்த பிடி அது. மோசஸ் இரண்டு கையாலும் அந்தப் பிடியைப் பிய்க்க வேண்டும். ஒரு கையால்தான் பிய்க்கிறான். இன்னொன்று பக்கத்தில் தொங்குகிறது. நடிக்கிறான் படவா, புதுசாக ஏதோ செய்கிறான், அவன் எப்போதும் அப்படித்தான், பழகும்போது ஒன்று, ஆளைக் கண்டால் ஒன்று. நடிக்கிறான். நடிக்கிறான்தானே.

இந்த மண்டபத்தில் காலையில் ஒரு முகூர்த்தம் நடந்து முடிந்திருக்கிறது. வாசலில் கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை, மேடையில் தெர்மாகோலில் வெட்டிய பொண்ணு மாப்பிள்ளை பெயர்களை எடுக்க யாருக்கும் நேரமில்லை, அந்தப் பெயர்களுக்குக் கீழே இரண்டு சிவப்பு நாற்காலிகள், அவற்றில் ஆளுக்கொன்றாக எங்கள் இரண்டு பெல்ட்டுகள் கல்யாண ஜோடி மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. பெலிக்ஸ் அண்ணன் கேலிக்காகத்தான் அப்படி வைத்தார். வியாசர்பாடியில் ஜிம் வைத்திருக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கிடைத்தால் குஸ்தி ஷோ நடத்துகிறவர், பெரிய மனசுக்காரர்தான், ஆனால் ஜோடி மேட்ச் என்றாலே மூக்கை உறிஞ்சுவார். "ஜோடி மேட்ச்சுன்னா இன்னான்னு தெரியுமாடா ஏகாம்பரம்? ஜனங்க ஒன்னுக்குப் போய்ட்டு போண்டா துன்னுட்டு வர்ற டைம்." பொய்யில்லை. ஆள் அதிகம், நேரம் கம்மி என்றால் நாலு பேரைச் சேர்த்து உள்ளே விட்டுவிடுவார். நாலு பேரும் ஒரே சமயத்தில் உள்ளே நின்று, யார் யாரை அடிக்கிறான் என்று அவர்களுக்கே தெரியாமல், சந்தையில் மாடு அவிழ்ந்துகொண்ட மாதிரி ஒரு கூத்து. கையைத் தொட வேண்டும் என்ற சட்டமே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன் நான், ஒரு பிள்ளை சீட் பெல்ட் போடாமல் எழுந்து நின்றாலும் வண்டியை எடுக்க மாட்டேன், எனக்கு ஒழுங்கு வேண்டும். அண்ணனிடம் சண்டை போட்டேன். தனி மேட்ச்சில் ஒருத்தன் தோற்றால் தோற்றான், அவனோடு போயிற்று. ஜோடி மேட்ச்சில் ஒருத்தன் அடி வாங்குகிறதை இன்னொருத்தன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு எதுவும் செய்ய முடியாமல் பார்க்க வேண்டும். அந்தப் பார்க்கிற ஆளைத்தான்ணே ஜனங்கள் பார்ப்பார்கள், அவன் உள்ளே போகவே முடியாது என்று அவர்கள் நம்பிவிட்டால் போதும், போண்டாவுக்குப் போக மாட்டார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. மோசஸ்தான் நம்பினான். நம்பினானா, என் மூஞ்சியைப் பார்த்துப் பரிதாபப்பட்டானா, தெரியாது. இன்றைக்குக் கடைசி மேட்ச்சே ஜோடி மேட்ச்தான் என்று அண்ணன் ஒருவழியாகத் தலையாட்டினார். "இதுல ஜனம் எழுந்து போச்சுன்னு வச்சிக்க, அப்பால ஜோடின்ற பேச்சே என் வாசல்ல எடுக்கக் கூடாது."

எழுந்து போகவில்லை. போண்டா தட்டோடு படியில் நிற்கிறவன் தட்டோடு நிற்கிறான், வாயில் வைக்கவில்லை. இவ்வளவு அமைதியை இந்த மண்டபத்தில் நான் கேட்டதில்லை, தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது தனியாகக் கேட்கிறது, கீழே சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ அண்டா கழுவுகிற சத்தம் கேட்கிறது, மோசஸ் மூச்சு வாங்குகிறது கேட்கிறது. அந்த மூச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நடிக்கிற மூச்சு எனக்குத் தெரியும், அது கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி வெளியே போகும். இது உள்ளேயே சுற்றுகிறது. போன வாரம் டீக்கடையில் கிளாஸை வாங்கினான், வாங்கிய கை அப்படியே விரிந்துவிட்டது, டீ மொத்தமும் அவன் காலில். சூடு பொறுக்காமல் துள்ளினான், அப்புறம் சிரித்தான். இன்னாடா என்றேன். "ஒன்னும் இல்ல. ஐஸ் தூக்கற கை, மரத்துதான் பூடும்." காசிமேட்டில் ஐஸ் கட்டி தூக்குகிறவன், விடிகாலையில் தோளிலும் கழுத்திலும் ஐஸைச் சுமந்து படகுக்கும் லாரிக்கும் நடுவே ஓடுகிறவன், அவன் கை மரத்துப்போகாமல் வேறு யார் கை மரத்துப்போகும்? சரிதான் என்று விட்டுவிட்டேன். மரத்துப்போனது வலது கையா இடது கையா? கிளாஸை எந்தக் கையால் வாங்கினான்? பீச்சாங்கையால் யாராவது டீ வாங்குவார்களா. வலது கைதான். இல்லை, வலது கையில் போன் இருந்தது, போனில் பெண்டாட்டி எஸ்தரோடு பேசிக்கொண்டிருந்தான், அப்படியானால் இடது கை. இடது கைதான். ஐயோ. கழுத்தில் நரம்பு நசுங்கினால் கை மரத்துப்போகும் என்று எங்கள் ஸ்கூல் பி.டி. மாஸ்டர் ஒரு நாள் வேனில் வரும்போது சொன்னார், அவருக்கே அப்படியிருந்ததாம், கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டபோது எனக்கு மோசஸ் ஞாபகம் வரவில்லை, டிராபிக் ஞாபகம்தான் இருந்தது. இப்போது வருகிறது, எல்லாம் இப்போதுதான் வருகிறது. வேண்டாத நேரத்தில் வேண்டாததெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வரும்.

அஜ்மல் பிடியை விட்டுவிட்டு மோசஸின் முதுகில் ஒரு மிதி மிதிக்கிறான், பலகை அதிர்கிறது, எனக்குக் காலில் தெரிகிறது. அந்தப் பக்கம் மூலையில் அஜ்மலின் ஜோடி பிரித்வி, அவனும் ஒழுங்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நான் பழக்கியது அப்படி. பாபு அண்ணன் குனிந்து மோசஸின் முகத்தைப் பார்க்கிறார். கேட்கிறார் ஏதோ. மோசஸ் பதில் சொன்னானா? உதடு அசைந்த மாதிரி இருந்தது, வலியில் முனகுகிற நடிப்பாகவும் இருக்கலாம். அண்ணே, கையைத் தூக்குண்ணே. ரெண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறியாகத் தூக்கு. நிஜமாக அடிபட்டால் ரெஃப்ரி அப்படிச் செய்ய வேண்டும் என்பது உலகத்தில் எல்லா ரிங்கிலும் உள்ள பழக்கம், அதைக் கண்டால் எதிராளியும் நிறுத்துவான், பெலிக்ஸ் அண்ணனும் ஓடி வருவார். ஆனால் தூக்க மாட்டார். தூக்கினாலும் ஒன்றும் நடக்காது. அந்தக் குறியை மோசஸ் தின்று ஏப்பம் விட்டுவிட்டான். திருவொற்றியூர் ஷோவில் அவன் போட்ட திட்டம். "அண்ணே, நான் வுழுந்தவுடனே நீ கைய மேல தூக்கு, ஜனம் அழுவும் பாரு, அப்பால நான் எழுந்து ஒரு போடு போடறேன்." ஜனம் அழுதது. ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டது. பெலிக்ஸ் அண்ணன் நிஜம் என்று நம்பி ஆட்டோ பிடிக்க வெளியே ஓடினார், திரும்பி வந்து பார்த்தால் இவன் பிரித்வியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூட்டத்துக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அண்ணன் விட்ட அறையில் பாபு அண்ணனுக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை. இனிமேல் அவர் தூக்குவாரா? புலி வருது புலி வருது என்றவன் கதைதான். வேறே ஒரு குறி வைத்துக்கொள்ளலாம்டா, நமக்குள்ளேயாவது ஒன்று வைத்துக்கொள்ளலாம்டா என்று நான் சொன்னேன். பார்த்துக்கலாம் என்றான். அப்புறம் நானும் விட்டேன், அவனும் விட்டான், பெல்ட் வந்துவிட்டது, அதற்குப் பாலிஷ் போடுகிறதுதான் பெரிய வேலையாக இருந்தது. இப்போது அவனுக்கு நிஜமாக வலித்தால் அதைச் சொல்ல அவனிடம் ஒரு வழியும் இல்லை. கத்தினால் நடிப்பு, அழுதால் நடிப்பு, சும்மா கிடந்தால் பிரமாதமான நடிப்பு. இவ்வளவு நன்றாக நடிக்கிறவன் மாட்டிக்கொண்டால் எப்படித் தப்பிப்பான், கடவுளே.

அவன் பெண்டாட்டி சிரிக்கிறாள். இரண்டாவது வரிசையில் எஸ்தர், மடியில் முறுக்குப் பொட்டலம், பக்கத்தில் யாரோ ஒரு அம்மா "ஐயோ பாவம் அந்தப் புள்ள" என்று வாயைப் பொத்துகிறது, எஸ்தர் அந்த அம்மாவின் தொடையைத் தட்டுகிறாள். "சும்மாம்மா, எல்லாம் நடிப்பு. எங்க ஊட்டுக்காரர்தான். ஊட்ல கொசு கட்ச்சா இதவிட கத்துவாரு." முதல் ஷோவுக்கு வந்தபோது மயங்கி விழப் பார்த்தவள். மோசஸ்தான் அவளை உட்கார வைத்து ஒவ்வொரு அடியும் எப்படிப் பொய் என்று விளக்கினான், காலால் பலகையைத் தட்டிச் சத்தம் வரவைப்பதை வீட்டுத் தரையில் செய்துகாட்டினான், கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துவிட்டான். அதிலிருந்து அவள் பயப்படுவதில்லை. எஸ்தர், சிரிக்காதே. உன் புருஷனின் இடது கையைப் பார். கொசு கடித்தால் அந்தக் கையால்தானே அடிப்பான், அதைப் பார். இங்கிருந்து கத்தலாமா? என்னவென்று கத்துவது? நான் "மோசஸ், வாடா, வாடா" என்றுதான் கத்திக்கொண்டிருக்கிறேன், அது என் வேலை, பலகையைக் காலால் தட்டிக்கொண்டு கத்த வேண்டும், கூட்டமும் என்னோடு சேர்ந்து தட்டும். இப்போது தட்டுகிறார்கள். நாற்காலிக் கைப்பிடியில், தரையில், ஒரே தாளத்தில். "கையக் குடு, கையக் குடு." நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகக் கற்றுக்கொண்டார்கள். முதல் பாதியில் பிரித்வி கை தொடாமலே உள்ளே வந்தான், அது நாங்கள் பேசிவைத்தது, பாபு அண்ணன் அவனைக் காதைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளினார், அங்கே கூட்டத்துக்குச் சட்டம் புரிந்துவிட்டது. கை பட்டால்தான் உள்ளே. கை படாமல் கால் வைத்தால் அவன் ஆம்பளை இல்லை. தோள் தரையில் கிடக்க ரெஃப்ரி மூன்று எண்ணிவிட்டால் தோல்வி, அப்படி எண்ணும்போது தடுக்கவும் வரக்கூடாது, மற்ற ஊர்களில் அதற்கு விட்டுவிடுவார்கள், இங்கே அதுவும் கிடையாது, கூட்டாளி தோற்கிறான் என்றால் தோற்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாம் நான் போட்டது. எனக்கு நானே போட்டுக்கொண்ட பூட்டு. ஒரு டம்ளர் மோர் குடித்தால் தேவலாம் போலிருக்கிறது.

வருகிறான். வருகிறான், பார். அஜ்மல் கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டிப் பெருமையடிக்கிறான், அது மோசஸ் தவழுவதற்காக விட்ட நேரம். வலது முழங்கையை ஊன்றி இழுக்கிறான், வலது கால் நீட்டிக்கிடக்கிறது, ஆம், முட்டியை மறக்கவில்லை, முட்டிவலி நடிப்பு ஞாபகம் இருக்கிறது என்றால் புத்தி தெளிவாக இருக்கிறது என்றுதானே அர்த்தம். நல்லது. நான்தான் சும்மா பேயைக் கண்டவன் மாதிரி. கண் நிமிர்த்தி என்னைப் பார்க்கிறான். என்ன பார்வை அது? கூட்டத்துக்கு முதுகு, எனக்கு மட்டும் முகம், இந்த இடத்தில் எப்போதும் கண்ணடிப்பான், எப்போதும், திருவொற்றியூரில்கூட அடித்தான், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், உதட்டைக் கடித்துக்கொள்வேன். கண்ணடிடா. அடிக்கவில்லை. வியர்வை கண்ணில் போயிருக்கும். "டேய், இன்னா ஆச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன். "வரேன் வரேன்" என்கிறான். அவ்வளவுதான் சொன்னான். வருகிறான் என்றால் வருகிறான். குரல் சரியாகத்தான் இருந்தது, கொஞ்சம் கம்மியிருந்தது. இங்கேயே நான் கையை எட்டிப் போட்டுத் தொட்டுவிட்டால்? கயிற்றை நுனியில் பிடித்து, வயிற்றை ரிங் கயிற்றின் மேலே போட்டு, முழுக்க நீண்டால் அவன் விரல் கிடைக்கும். ஆனால் இது அந்த இடமில்லை. இந்த முறை எட்டக்கூடாது, ஒரு சாண் இருக்கும்போது அஜ்மல் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான், ஜனம் "ஐயோ" என்று கத்த வேண்டும், ஒரு முறை தூக்கிப் போட வேண்டும், எண்ண வேண்டும், இரண்டில் தோளைத் தூக்கி, அடுத்த தவழலில்தான் கை. அந்த "ஐயோ"வுக்காகத்தான் மொத்த மேட்ச்சும். அந்த ஒரு "ஐயோ" வந்துவிட்டால் பெலிக்ஸ் அண்ணன் ஜென்மத்துக்கும் ஜோடி மேட்ச்சைப் பழிக்க மாட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் உடை மாற்றும்போது நான் மோசஸிடம் கேட்டேன், கையில் மரமரப்பு இருந்தால் தூக்கிப் போடுவதை மட்டும் எடுத்துவிடலாம்டா என்று. கேட்டேன். கேட்கத்தான் செய்தேன். அவன் முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்தான். "ஏகா, நீதான இத்தினி நாளா சட்டம் சட்டம்னு உசுர எடுத்த. இப்ப நீயே சாமியாடற. நான் செத்தாக்கூட கை படாம கால வெக்காத, சொல்லிட்டேன். அப்டி வெச்சின்னு வையி, அதோட நீ வேற நான் வேற." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். செத்தாக்கூட என்று ஏன் சொன்னான், அச்சானியமாக.

தொடலாம். இப்போது தொடலாம். விரல் விரித்துக்கொண்டு வருகிறான், வலது கை, ஒரு முழம், ஒரு சாண், அவன் விரல் நகத்தில் அழுக்கு தெரிகிறது. தொட்டுவிட்டால் மேட்ச் கொஞ்சம் கெடும், அவ்வளவுதானே. என் உடம்பு முன்னால் சாய்கிறது, கயிறு மணிக்கட்டை அறுக்கிறது. அதற்குள் அஜ்மல் வந்துவிட்டான். சரியான நேரத்துக்கு வந்துவிட்டான், சண்டாளன், இவ்வளவு சரியாக வர நான்தான் கற்றுக்கொடுத்தேன். கணுக்காலைப் பிடித்து இழுக்கிறான். "ஐயோ!" மண்டபமே கத்துகிறது, மேடையில் தெர்மாகோல் எழுத்து ஒன்று கழன்று விழுகிற அளவுக்குக் கத்துகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. இந்த வேளையிலும் புல்லரிக்கிறது, வெட்கம் கெட்ட உடம்பு. இதுதான், இதைத்தான் கேட்டேன், கேட்டது கிடைத்துவிட்டது, நிறுத்தலாம் இனி. அஜ்மல், தூக்காதே. தூக்காதேடா. தலையை ஆட்டுகிறேன், வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டுகிறேன். அவன் பார்க்கிறான். பார்த்து, தூக்காதே என்று கெஞ்சுகிற ஜோடிக்காரன் நடிப்பு என்று நினைத்துக்கொள்கிறான், கண்ணில் ஒரு மெச்சல்கூடத் தெரிகிறது, அண்ணன் பின்றாரே என்று. தூக்கிவிட்டான். மோசஸை இடுப்போடு சேர்த்துத் தூக்குகிறான், தூக்கும்போது தூக்கப்படுகிறவனும் உதவ வேண்டும், எம்ப வேண்டும், எதிராளியின் தொடையில் கை ஊன்ற வேண்டும், இடது கையை ஊன்ற வேண்டும், மேலே போய்விட்டால் தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும், முதல் நாள் முதல் பாடம், தாடையை ஒட்டு, தாடையை ஒட்டு. இடது கை ஊன்றவில்லை. அது அஜ்மலின் முதுகுக்குப் பின்னால் துணி மாதிரித் தொங்குகிறது. மோசஸ் ஒரு பக்கமாகச் சரிகிறான். அஜ்மலுக்கும் தெரிந்துவிட்டது, முகம் மாறுகிறது, இறக்கப் பார்க்கிறான், பாதியில் எப்படி இறக்குவது, எடை சாய்ந்துவிட்டது. தாடையை ஒட்டுடா.

சத்தம் வேறே மாதிரி இருந்தது. முதுகு முழுக்கப் பலகையில் பட்டால் பெரிய சத்தம் வரும், ஜனத்துக்குப் பிடித்த சத்தம், வலியே இருக்காது. இது சின்னச் சத்தம். யாரோ கதவை மெதுவாகச் சாத்தின மாதிரி. அஜ்மல் பேசிவைத்தபடி அவன் மேலே விழுகிறான், ஆனால் எடை போடாமல் முழங்கையில் நிற்கிறான், அவன் காதில் என்னவோ கேட்கிறான். பாபு அண்ணன் தரையில் கையடிக்கிறார், ஒன்று, கூட்டமும் சொல்கிறது ஒன்று. இரண்டு. இப்போது தோள் எழ வேண்டும். பாபு அண்ணனின் கை மேலே போய் நின்றுவிட்டது. மூன்றாவது அடி விழவில்லை. அண்ணன் உதட்டை அசைக்காமல் சொல்கிறார், எனக்குத் தெரிகிறது, "தோளத் தூக்குடா மோசஸ், தூக்குடா." தோள் எழவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவர்களுக்கு இது அமிர்தம். அண்ணன் என்னைப் பார்க்கிறார். அஜ்மல் என்னைப் பார்க்கிறான், இருபது வயதுப் பையன். ஏன் என்னைப் பார்க்கிறார்கள்? எனக்கென்ன தெரியும்? நடிப்பாக இருந்தால், கடவுளே, நடிப்பாக மட்டும் இருந்துவிட்டால், நான் உள்ளே போனதும் இவன் எழுந்து "பாழாக்கிட்டியேடா" என்று என் சட்டையைப் பிடிப்பான், நாளையிலிருந்து பேச மாட்டான், பெலிக்ஸ் அண்ணன் கைகொட்டிச் சிரிப்பார், ஜோடி மேட்ச் பழையபடி போண்டா நேரம்தான், சட்டம் போட்டவனே சட்டத்தை மிதித்தான் என்று ஆகிவிடும். ஆகட்டும். எழுந்து என் சட்டையைப் பிடிடா. காறித் துப்புடா. பேசாதே, ஜென்மத்துக்கும் பேசாதே. நாலடி தூரத்தில் நின்றுகொண்டு என்ன யோசனை எனக்கு. பயமாக இருக்கிறது. உள்ளே போகத்தான் பயமாக இருக்கிறது, போனால் தெரிந்துவிடும். இங்கே நிற்கிறவரைக்கும் அவன் நடிக்கிறான்.

கயிற்றை விட்டுவிட்டேன். காலை வைத்துவிட்டேன். என் கால்தானா என்று இருக்கிறது. இரண்டாவது காலையும் வைத்ததும் மண்டபம் வெடிக்கிறது. "டேய் டேய் டேய்!" "கை படல! கை படல!" "வெளிய போடா டுபாக்கூர்!" பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சரிந்து விழுகிறது, ஒரு போண்டா பறந்துவந்து என் தோளில் பட்டு உடைகிறது. கிழவர்கள், பெண்பிள்ளைகள், பந்தல்காரர்கள், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், ஒருத்தன் நெற்றி நரம்பு புடைக்க "சட்டம்னா சட்டம்தாண்டா" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறான். இந்த ஊரில் ஜோடி மேட்ச்சுக்காக இதுவரைக்கும் யாரும் இப்படிக் கோபப்பட்டதில்லை. எஸ்தரும் எழுந்துவிட்டாள், முறுக்கெல்லாம் கீழே, கழுத்து நீட்டிக் கத்துகிறாள். "ண்ணே, கை படலண்ணே! அவரு வருவாருண்ணே, நீ வெளிய போண்ணே!" நான் மண்டியிடுகிறேன். தலையைத் தொடக்கூடாது, கழுத்தை அசைக்கக்கூடாது, அது தெரியும். மோசஸின் கண் திறந்திருக்கிறது, மேலே மின்விசிறியைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. உயிர் இருக்கிறது. கும்பிடத் தோன்றுகிறது. "டேய், நான்தாண்டா, அசையாத, அப்டியே இரு, ஆம்புலன்ஸ் வருது, பாபுண்ணே, ஆம்புலன்ஸ சொல்லுண்ணே" என்கிறேன், பாபு அண்ணன் ஏற்கனவே ரிங்கைத் தாண்டிக் குதித்துவிட்டார், அஜ்மல் தலையில் கை வைத்துக்கொண்டு அழுகிறான், கூட்டத்துக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை, கை படல கை படல என்று தாளம் போடுகிறது. மோசஸ் உதட்டை அசைக்கிறான். குனிந்து காதை வைக்கிறேன். மூச்சு சூடாக இருக்கிறது, கோபமாக இருக்கிறான், மெதுவாகத் திட்டுகிறான். "ஏண்டா வந்த... மானம் போவுது பாரு... சீக்கிரம் கையத் தொட்றா ஏகா. யாரும் பாக்கறதுக்குள்ள தொட்றா." அவன் இரண்டு கைகளையும் நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.